துறைமுகம் இல்லாத துறைகள்

பழவேற்காட்டு முகத்துவாரத்தைக் கடலிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஏரி நீர் கடலில் கலக்கும் இடத்தில் நிறம் சற்று மங்கும், அலை ஒழுங்கு தப்பி உடையும். அடையாளம் அவ்வளவுதான். மணல்மேடு ஆண்டுக்காண்டு இடம் மாறும். சில கோடைகளில் வாயையே அடைத்துவிடும். தை மாதத்து வாடைக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, பாய்மரப் படகில் இங்கிருந்து நாகப்பட்டினம் வரை கரையோரமாக மெல்லத் தெற்கே இறங்கியதுதான் இந்தப் பயணம். அதன் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. பெரிய கப்பல் எதுவும் நெருங்க முடியாத இந்த வாயில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். ஏன்?

பழவேற்காட்டுக்கு மட்டும் உரிய கேள்வியாக இருந்தால் இதை விட்டுவிடலாம். சென்னை, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று எண்ணிக்கொண்டே போனால், இவற்றில் ஒன்றுக்குக்கூட ஆழ்கடல் கப்பல் ஒதுங்க இயற்கை தந்த துறைமுகம் கிடையாது. மலை இறங்கிவந்து அணைக்கும் விரிகுடா இல்லை. காற்றுக்கு மறைவு தரும் தீவும் இல்லை. மெதுவாக ஆழம் கூடும் மணல் தரை, அதன்மேல் வரிசை வரிசையாக உடையும் அலை, அவ்வளவே. ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தூரதேசத்துக் கப்பல்கள் இங்கே வந்து நின்றிருக்கின்றன. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் கோட்டை: அயலார் வந்தார்கள், கட்டினார்கள், ஊர் உண்டாயிற்று, தோற்றார்கள், ஊர் தேய்ந்தது. சாலைவழியே போகிறவருக்கு இதை நம்பத் தோன்றும். சாலை நம்மைக் கோட்டை வாசலில்தானே இறக்கிவிடுகிறது! கடல்வழியே வந்தால் வரிசை மாறிவிடுகிறது. முதலில் காற்று, அடுத்து கரை அலை, அடுத்து ஆற்றுவாய், அதற்கும் பின்னால் தறிகள், கோட்டை கடைசியில். இந்த வரிசையே சரியானது என்பது என் வாதம். இந்தக் கரையில் துறைமுகம் என்பது நெடுங்காலம் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் உயிர்பெறும் ஒரு ஏற்பாடாக இருந்தது. அந்த ஏற்பாட்டின் அச்சாணி, கரை அலையைக் கடக்கத் தெரிந்தவர்களின் கைத்திறன்.

பழவேற்காட்டுக்கே திரும்புவோம். மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் வேண்டி வந்த டச்சுக்காரர்கள் விரைவிலேயே ஒன்றைக் கண்டுகொண்டார்கள். அங்கிருந்தவர்கள் வாசனைப் பொருளுக்கு மாற்றாக விரும்பியது சோழமண்டலத்துத் துணியை. விஜயநகரத்தின் துறையாக இருந்த பழவேற்காட்டிலிருந்து செட்டிகளும் முஸ்லிம் வணிகர்களும் அதை ஏற்கெனவே மலாக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் புதிதாக வந்தவர் மடை வைத்துக்கொண்டார் என்பதே பொருத்தமான சித்திரம். இன்று கோட்டை இருந்த இடத்தில் அகழியும் புதர் மண்டிய மேடும் மிஞ்சியிருக்கின்றன. எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு டச்சுக் கல்லறை மட்டும் தொல்லியல் துறையின் காவலில் ஒழுங்காக நிற்கிறது. துணியின் பெயர் பிழைத்துக்கொண்டது: கட்டம்போட்ட பலயக்காட் லுங்கியைக் கட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது பழவேற்காட்டின் மருவிய பெயர் என்று தெரியும்? ஏரிக்குள் நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. வலை கட்டும் இடங்களைப் பட்டினவர் என்னும் மீனவர்களின் கிராமங்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம் இங்கே இருக்கிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, சுற்றிவரும். நகரும் மணலுக்கும் மாறும் நீருக்கும் ஏற்ற சட்டம் அது. கோட்டை மேடாகிவிட்டது, பாடு நடக்கிறது.

இந்தத் துறையை அழகுபடுத்திப் பேச வேண்டியதில்லை. பஞ்ச காலங்களில் இதே மணலிலிருந்துதான் டச்சுக்காரர்கள் மனிதர்களை விலைக்கு வாங்கி பத்தாவியாவுக்கு ஏற்றிப்போனார்கள். கரை அலையைக் கடத்திவிடும் திறமை, ஏற்றப்படுவது துணிப்பொதியா அடிமையா என்று கேட்பதில்லை. இந்தக் கரையைக் கடற்கரைக்காரர்களின் உழைப்பை வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. அந்த உழைப்பு எப்போதும் நல்லதற்கே பயன்பட்டது என்று நான் சொல்லவில்லை.

சென்னைக்கு வருவோம். என் வாதத்துக்கு முதல் தடை இங்கேதான் நிற்கிறது. ‘மற்ற ஊர்கள் முன்பே இருந்தன, சரி. மதராசப்பட்டினத்தை ஆங்கிலேயர்தானே உண்டாக்கினார்கள்?’ என்று கேட்கலாம். 1639 ஆகஸ்டில் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்திட்டைத் தேர்ந்தபோது சொன்ன முக்கியக் காரணம், இங்கே துணி மற்ற இடங்களைவிட மலிவு என்பது. துறைமுகத்தின் சிறப்பைப் பற்றிச் சொல்ல அவருக்கு எதுவும் இருந்திருக்க முடியாது. கப்பல்கள் ஒரு மைல், இரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரமிட்டன. அங்கிருந்து கரைவரை எல்லாமே மசூலா படகில்தான் வந்தன: பொதி, பீப்பாய், குதிரை, கவர்னர், கவர்னரின் மனைவி. இந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் துளையிட்டு, இடையில் வைக்கோல் திணித்து, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு இந்த அலையில் தரைதட்டினால் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். அலைகளின் கணக்கைப் பார்த்துக் காத்திருந்து, ஒரு பெரிய அலையின் முதுகில் ஏறிக் கரைக்கு வருவது முழுக்கப் படகோட்டியின் தீர்ப்பு. படகு கவிழ்ந்தால் பயணியைத் தூக்கியெடுக்கக் கட்டுமரங்கள் கூடவே வரும். அலை மிஞ்சி மசூலாவே இறங்க முடியாத நாளில், கட்டுமரக்காரர் தம் கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போவார். அந்தத் தொழில்நுட்பத்தின் பெயரைத்தான் உலகம் இன்று இரட்டை உடல் படகுக்கு வைத்திருக்கிறது; படகு வேறு, பெயர் மட்டும் நம்முடையது.

ஜார்ஜ் கோட்டையின் பீரங்கிகள் தரைப்பக்கத்து எதிரிக்குப் பயன்பட்டிருக்கலாம். கடல்பக்கத்தில் ஆட்சி செய்தது நாட்காட்டி. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை கப்பல்கள் இந்தக் கரையில் நிற்கக் கூடாது. கோட்டையின் கொடிமரம் இறக்கப்படும், கடல் மூடியதாகப் பொருள். இந்த விதியைப் பொருட்படுத்தாதவருக்கு என்ன நடக்கும் என்பதற்கு 1746 சாட்சி. செப்டம்பரில் மதராஸைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே, மீட்புத்தொகைக்கான பேரத்தில் நாட்களைக் கடத்திவிட்டார். அக்டோபர் நடுவில் வந்த ஒரே புயலில் அவருடைய கடற்படை சிதைந்துபோனது. ஆங்கிலேயரின் பீரங்கி செய்யாததைக் காற்று செய்தது.

அப்படியானால் சென்னை பெருநகரமானது எப்படி என்று கேட்டால், ஆட்சியால் என்பதே நேர்மையான பதில். தலைநகரமாகிவிட்ட ஊருக்குத் துறைமுகம் பின்னால் செய்துகொடுக்கப்பட்டது. 1870களில் தொடங்கிய கல் அணைகளை 1881 புயல் உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். கடல் அதை ஏற்றுக்கொண்ட விதம்தான் முக்கியம். இந்தக் கரையில் தென்மேற்குப் பருவ மாதங்களில் மணல் வடக்கே நகரும், வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். குறுக்கே கல்லைப் போட்டதும் தெற்கில் மணல் குவிந்தது, வடக்குக்கு மணல் வரத்து நின்றது. மெரினாவின் அகலம் அந்தக் குவியல். இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கிப் போகும் கரையில் கடல் தின்ற தெருக்கள் அந்தப் பற்றாக்குறை. சென்னைக்காரர் பெருமையோடு நடக்கும் கடற்கரை வடசென்னையிடம் வாங்கிய கடன். கடலிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பார்வைக்குள் வருகின்றன: கல்லுக்கு இந்தப்பக்கம் கருங்கல் குவித்த விளிம்பு, அந்தப்பக்கம் வெண்மணல் வெளி.

மாமல்லபுரத்தை மாலுமிகள் ஏழு பகோடா என்று குறித்துவைத்தார்கள். இன்று கடலிலிருந்து கண்ணில் படுவது கடற்கரைக் கோயிலும் கலங்கரை விளக்கமும். அடுத்து வரும் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையின் செங்கல் மதில் தெரிகிறது. நுண்ணிய மஸ்லின் துணிக்காக அறியப்பட்ட ஊர் அது. 1782 பிப்ரவரியில் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் இதன் முன்னால் மோதிக்கொண்டன. முடிவில்லாத சண்டை, சொல்லிவிட்டு நகரலாம்.

புதுச்சேரியின் முன்னால் கடல் அகலமாக, மறைவே இல்லாமல் கிடக்கிறது. நகரத்துக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் வாய். அதன் உள்ளே அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டி இத்தாலிய மட்கலங்களை எடுத்தார். மேட்டின் மணிகள் இன்னும் மழைக்குப் பின் மண்ணில் தெரியும் என்பார்கள். கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் நூல் பொதுகே என்று குறிப்பிடும் துறை இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த நூல் இந்தக் கரையின் கலங்களை வகைபிரித்துச் சொல்கிறது: கரையோரம் ஓடும் உள்ளூர்ப் படகுகள், மரங்களைச் சேர்த்துக் கட்டிய சங்கரா என்னும் பெரிய கலங்கள், கங்கைக்கும் கிழக்குக்கும் போகும் கப்பல்கள். வேலைப் பிரிவினை அப்போதே இருந்தது. பதினேழு நூற்றாண்டு கழித்து, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் அதே ஏற்பாடுதான். கப்பல் வந்து நங்கூரமிடும், பீரங்கி மரியாதை முழங்கும், சலங்குகள் புறப்படும். சலங்கு என்பது மசூலாவின் உறவுக்காரப் படகு. பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி. பெரும் அரசியலை எழுதும் அதே பேனாவால் எந்தக் கப்பல் எப்போது வந்தது என்பதையும் விடாமல் எழுதினார். ஊரின் நாடி எங்கே துடித்தது என்று அவருக்குத் தெரியும்.

கோட்டைக் கதையை எடைபோட நல்ல இடமும் புதுச்சேரிதான். 1693இல் டச்சுக்காரர் பிடித்து 1699இல் திருப்பிக்கொடுத்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஊர் எழுந்தது. நெசவும் சலங்கும் இருந்தவரை எழ முடிந்தது. 1866இல் கட்டிய இரும்புத் துறைப்பாலம் 1952 புயலில் விழுந்தது. அதன் தூண்கள் இன்னும் நீரில் வரிசையாக நிற்கின்றன, படம் எடுப்பவர்களுக்குப் பிடித்த இடம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றுவாயில் கல் அணைகள் வைத்தபோது சென்னையின் பாடம் அப்படியே திரும்ப நடந்தது. வடக்கே நகரத்தின் மணல் கரைந்து, கடற்கரைச் சாலையின் ஓரம் கருங்கல் அடுக்காயிற்று. 2018 வாக்கில் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை வைத்துக் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு கல்லில்லாமல் இயங்கிய துறைக்கு முப்பது ஆண்டில் கல்லுக்குக் கல் மருந்து தேவைப்பட்டுவிட்டது.

கடலூரில் ஒரு வேடிக்கை. 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியபோது, எல்லையை அளக்கப் பீரங்கியைப் பயன்படுத்தினார்கள். குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் எல்லாம் அவர்களுக்கு. குண்டு உப்பலவாடி என்ற பெயரில் அந்தப் பேரத்தின் ஓசை இன்னும் இருக்கிறது. பீரங்கியால் அளந்த நிலத்தின் செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர் இடித்துவிட்டார்கள். கெடிலத்தின் கழிமுகத்தில் தோணி கட்டியவர்களும் வலை இழுத்தவர்களும் அதற்குப் பிறகும் அங்கேயேதான் இருந்தார்கள்.

வெள்ளாற்று வாயிலுள்ள பரங்கிப்பேட்டையின் பெயரில் பரங்கி இருந்தாலும், ஊரின் உடல் மரக்காயர்கள் என்னும் முஸ்லிம் கடல் வணிகர்களுடையது. மஹ்மூது பந்தர் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. கடலிலிருந்து பார்த்தால் பள்ளிவாசல் மினாராக்களும், தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் பச்சைக் கோடும் தெரிகின்றன. 1830இல் ஆங்கிலேயரான ஜோசையா ஹீத் இங்கே இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதுவை ஆற்றுவழிப் படகில் கொண்டுவந்து மரக்கரியால் உருக்கினார்கள். காடு தீர்ந்தது, கணக்கு கட்டுபடியாகவில்லை, ஆலை மூடியது. ஆனால் சேலத்து மலையிலிருந்து கடல்வரை ஒரு கனமான பொருளைத் தண்ணீரே சுமந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறும் கடலும் சேர்ந்த ஒரே பாதையின் முனைதான் துறை.

அப்படியானால் பூம்புகாரை என்ன செய்வது? பெருங்கப்பல் பாயை இறக்காமல், சரக்கைக் குறைக்காமல் நேரே ஆற்றுக்குள் புகுந்தது என்று புறநானூற்றுப் பாடல் ஒன்று சொல்கிறது. இது என் வாதத்துக்கு எதிரான பழைய, வலுவான சான்று. கீழையூரில் செங்கல் படகுத்துறை ஒன்றைத் தோண்டியும் எடுத்திருக்கிறார்கள், மரத்தூண்கள்கூடக் கிடைத்தன. ஆக, துறைமுகம் இருந்ததே! இருந்தது. ஆனால் பாடல் அதை வியந்து சொல்வதைக் கவனியுங்கள். பாயை இறக்கி, சரக்கை இறக்கிப் படகில் மாற்றிக் கொண்டுவருவதுதான் வழக்கம் என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே இது வியப்பு. மேலும் அந்தத் துறைமுகத்தைக் கொடுத்தது காவிரி. ஆற்றின் பெருநீர் கொள்ளிடத்துக்குப் போய்விட்டது. இன்று புகாரின் வாய், கோடையில் ஒரு மணல்திட்டு மூடிவிடும் அளவுக்கு மெலிந்த ஓடை. கடலோடிகளின் மருவூர்ப்பாக்கமும் அரசரின் பட்டினப்பாக்கமும் என்று சிலப்பதிகாரம் ஊரை இரண்டாகப் பிரித்துக் காட்டும். ஆறு விலகியபோது இரண்டும் சேர்ந்தே போயின.

தரங்கம்பாடிக்கு வரும்போது காற்று தளர்ந்து படகு அலையோடு மெல்ல ஆடுகிறது. டேனியர்களின் மஞ்சள் நிற டேன்ஸ்போர்க் கோட்டை தாழ்வாக, ஒரு பெரிய வீடுபோலத் தெரிகிறது. அதற்கு வடக்கே கடல் பாதி விழுங்கிய மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1306 வாக்கில் கட்டியது. இந்த ஊரின் வணிக வாழ்வுக்கு டேனியரைவிட மூன்று நூற்றாண்டு மூத்த சாட்சி. 1620இல் டேனியத் தளபதி ஓவ் யெட்டெ தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து கோட்டை கட்டினார். சுவையான பகுதி அதன் பிறகு. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கோட்டையே ஊரின் உயிர் என்றால் அது அப்போதே அணைந்திருக்க வேண்டும். அங்கே மிஞ்சிய சில டேனியர்கள் உள்ளூர்க் கடல் வணிகத்திலும், வங்கத்துக் கப்பல்களைப் பிடிப்பதிலும் காலம் தள்ளினார்கள். கரை அவர்களைச் சுமந்தது. 1706இல் வந்த கிறித்தவப் போதகர் சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது எல்லோரும் அறிந்த கதை. அந்த அச்சுப்பொறியும் ஏதோ ஒரு தைத்த படகில்தான் கரையேறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இங்கே கடைசித் தடையைச் சந்தித்தாக வேண்டும். ‘காற்றும் மணலும் படகும் மாறவில்லையே. பிறகு ஊர்கள் ஏன் ஓய்ந்தன? அரசியலால்தானே? டச்சுக்காரர் 1824 உடன்படிக்கையில் விட்டுக்கொடுத்தார்கள், டேனியர் 1845இல் விற்றார்கள்.’ உண்மைதான், ஆனால் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன. விற்றதற்குக் காரணம், விற்பதற்கு ஊரில் துணி மிச்சமில்லாதது. மான்செஸ்டர் ஆலைத் துணி வந்தபின் பின்னால் இருந்த தறிகள் நின்றன. தறி நின்றபின் கோட்டை வெறும் செலவு. அடுத்து வந்த இருப்புப்பாதை சரக்கைக் கரைக்குக் குறுக்கே சென்னைக்குத் திருப்பியது. நீராவிக் கப்பல் பெரிதாகிக்கொண்டே போய்ப் படகுச் சங்கிலியைப் பொறுக்காத அவசரத்தைக் கொண்டுவந்தது. கொடி மாறியது கடைசியில்.

காரைக்காலைக் கடந்ததும் நாகூர் தர்காவின் மினாராக்கள். ஐந்தில் உயரமானதைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்தார், 131 அடி. தட்டையான இந்தக் கரையில் அதைவிட நல்ல குறி கிடையாது. கடலோடிகள் அங்கே அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டதற்கும், சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அதே தர்காவின் நகலைக் கட்டிவைத்ததற்கும் பக்தியோடு கண்ணின் நன்றியும் சேர்ந்திருக்கும். நாகப்பட்டினத்தில் இதைவிடப் பழைய குறி ஒன்று இருந்தது. இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. அந்தப் பௌத்த மரபில் எஞ்சிய மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் சீனப் பகோடா என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை மாலுமிகளுக்கு வழிகாட்டியது. 1867இல் இடித்துவிட்டார்கள்.

2004 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் எழுந்த கற்சுவர்களும் அலைத்தடுப்புகளும் இன்று கடுவையாற்று வாயின் இருபுறமும் தெரிகின்றன. அவற்றின் வடபுறத்தில் மணல் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. ரஜூலா என்ற பயணிகள் கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில், அது இந்த வாய்க்குள் ஒருநாளும் வந்ததில்லை. இப்போது எங்கள் படகு நங்கூரமிட்டிருக்கும் இதே திறந்த கடலில்தான் நின்றது. துணி மூட்டையும் தகரப் பெட்டியுமாக மலேயாவுக்குப் போனவர்கள் படகில் வந்து, அலை தூக்கும் கணம் பார்த்து, தொங்கும் ஏணியைப் பிடித்தார்கள். பிடி தப்பாமல் பார்த்துக்கொண்ட படகுக்காரரின் கைதான் அவர்கள் கடைசியாகத் தொட்ட தமிழ்நாடு.